ஆடும் கருவியும் தள்ளும் கருவியும்: பூங்காவில் ஒன்றரை ஆண்டு

குளியலறைக் குழாய் மூன்றாவது முறையாகச் சுவரில் ஆட்டம் கண்டபோது, சரிசெய்ய வந்தவர் வேலையை முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இது தானா கழண்டதில்ல. யாரோ இதைப் பிடிச்சு இழுத்து எந்திரிக்கிறீங்க. சுவத்துல ஒரு கைப்பிடி போட்டுக்கங்க."

அது நான்தான். அப்போது எனக்கு 66 வயது. தினமும் அரை மணி நேரம் நடப்பேன், சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும். என்னை ஆரோக்கியமானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது கை எதையாவது தேடிப் போகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். நாற்காலியில் கைப்பிடி, கட்டிலில் விளிம்பு, குளியலறையில் குழாய். கால் செய்ய வேண்டிய வேலையைக் கை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது.

கைப்பிடியைப் போட்டோம். அதோடு, தினமும் நான் நடக்கும் பூங்காவின் மூலையில் நீலமும் மஞ்சளுமாக நிற்கும் கருவிகளை முதல் முறையாக நின்று பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் அவற்றைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள், இளைஞர்கள் பாரில் தொங்குவார்கள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டேன்.

முதல் ஒன்றரை மாதம் நான் செய்தது பெரும்பாலும் வீண். அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அன்று நான் செய்ததையேதான் இன்றும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்துப்போனவை இரண்டு. ஒன்று ஏர் வாக்கர்: இரண்டு மிதிகளில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களை முன்னும் பின்னும் வீசும் கருவி. இன்னொன்று ட்விஸ்டர்: வட்டமான பலகையில் நின்று இடுப்பை இடமும் வலமும் திருப்புவது. இரண்டிலும் பத்துப் பத்து நிமிடம். மூச்சு வாங்காது, கால் வலிக்காது, உடம்பு லேசாக இருப்பதுபோல் இருக்கும். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

நடைக்கு வரும் அக்கா ஒருவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், தன் மகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பிசியோதெரபிஸ்ட். ஏர் வாக்கரில் நான் ஆடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையைக் கட்டிக்கிட்டு இந்த பெஞ்சுல உட்கார்ந்து எந்திரிங்க, நான் எண்ணுறேன்" என்றார். முப்பது விநாடி. எட்டு முறை எழுந்தேன். கடைசி இரண்டு முறை உடம்பை முன்னால் தள்ளித்தான் எழ முடிந்தது.

இது மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு சோதனை. சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறோம் என்று எண்ண வேண்டும். கையை ஊன்றிவிட்டால் பூஜ்யம். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே, அதே வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனால் சராசரிக்கும் குறைவு என்று கணக்கு. 70 முதல் 74 வரை பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. இதைப் படிப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எடைபோடும் எந்திரம் தரும் எண்ணைவிட இந்த எண் எனக்கு அதிகம் சொன்னது.

"ஒன்றரை மாசமா தினமும் வர்றேனே" என்று கேட்டேன். அந்தப் பெண் ஏர் வாக்கரின் ஒரு மிதியைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டார். அது தானாக முன்னும் பின்னும் ஆடியது. "ஊஞ்சல் மாதிரி தானே ஆடுது பாருங்க. இதுல உங்க காலுக்கு எதிரா நிக்கிறது எதுவும் இல்லையே அம்மா" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. இதற்கு 1989-இல் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார்கள். சதை குறைந்துபோவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். தசையிலும் சட்டென்று இயங்கும் இழைகள்தான் முதலில் மெலிகின்றன. நாற்காலியிலிருந்து எழவும், கால் இடறும்போது அடுத்த காலை வேகமாக முன்னால் வைத்து விழாமல் தப்பிக்கவும் தேவைப்படுபவை அந்த இழைகள்தாம். நிதானமாக நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆனால் அந்த இழைகளை அது அதிகம் வேலை வாங்குவதில்லை. அவை விழிக்க வேண்டுமென்றால் தசை எதையாவது எதிர்த்துத் தள்ள வேண்டும், அல்லது இழுக்க வேண்டும். நான் முப்பது ஆண்டு நடந்தும் குழாயைப் பிடித்து எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

எனவே பூங்காவில் உள்ள கருவிகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஆடும் கருவிகள், தள்ளும் கருவிகள். ஏர் வாக்கர், ட்விஸ்டர், பக்கவாட்டில் ஆடும் ஊசல், கையால் சுற்றும் தோள் சக்கரம் எல்லாம் முதல் வகை. மூட்டுகளை இளக்கிக்கொள்ள, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். தோள் இறுகிப்போனவர்களுக்குத் தோள் சக்கரம் உண்மையிலேயே உதவும், வலி வராத எல்லைக்குள் மெதுவாகச் சுற்றினால். ஆனால் வலு வேண்டுமென்றால் இரண்டாவது வகைக்குப் போக வேண்டும்.

அதில் எனக்கு மிகவும் உதவியது லெக் பிரஸ். இருக்கையில் உட்கார்ந்து, எதிரே உள்ள கம்பியில் பாதங்களை வைத்துத் தள்ளினால் இருக்கையோடு நாமே பின்னால் மேலே எழும்புவோம். இதில் எடைத் தட்டுகள் கிடையாது. நம் உடல் எடைதான் சுமை, அதுவும் நெம்புகோல் அமைப்பால் அதில் ஒரு பகுதிதான் காலுக்கு வரும். அதனால் தொடங்குபவருக்குப் பயமில்லை. ஆனால் இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிம்மில் சுமையைக் கூட்டுவதுபோல இங்கே கூட்ட முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும், அதன் பிறகு அப்படியே ஐம்பது, அறுபது என்று எண்ணிக்கொண்டே போவதில் பெரிய பலன் வராது.

இதற்கு வழி இருக்கிறது. முதலில் வேகத்தைக் குறைத்தேன். மேலே தள்ள இரண்டு எண்ணிக்கை, மேலே ஒரு நொடி நிறுத்தம், கீழே இறங்க நான்கு எண்ணிக்கை. இறங்குவதுதான் முக்கியம். பலர் தள்ளிவிட்டு 'தொம்'மென்று இருக்கையை விழவிடுகிறார்கள். பாதி வேலை அங்கேயே போய்விடுகிறது. மெதுவாக இறங்கிப் பாருங்கள், பத்தாவது முறையில் தொடை நடுங்கும். இது சுலபமான பிறகு, இரண்டு காலாலும் தள்ளி மேலே போய், ஒரு காலை எடுத்துவிட்டு இன்னொரு காலால் மட்டும் இறங்கினேன். அந்தக் காலுக்குச் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு காலால் தள்ளவும் இறங்கவும் எனக்கு ஐந்து மாதம் ஆனது. முழங்காலை முழுக்க நீட்டிப் பூட்டிவிடக் கூடாது, கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். குதிகால் கம்பியை விட்டு எழும்பாமல் தள்ள வேண்டும்.

மூச்சைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தள்ளும்போது மூச்சை அடக்குவது எல்லோருக்கும் தானாக வரும் பழக்கம். அப்படி அடக்கித் தள்ளினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எனக்கு ஏற்கெனவே அழுத்தம் உண்டு என்பதால் அந்தப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி எளிது: தள்ளும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் பேசினால் மூச்சு அடைபடாது. இன்றுவரை சத்தமாக எண்ணிக்கொண்டுதான் செய்கிறேன், பக்கத்தில் யார் இருந்தாலும்.

இதற்கடுத்துப் பயன்பட்டது எதுவென்றால், கருவியே கிடையாது. சிமென்ட் பெஞ்ச். உட்காருவதும் எழுவதும். கை கட்டிக்கொண்டு எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு. உட்காரும்போது பொத்தென்று விழாமல், இருக்கையைத் தொட்டும் தொடாமலும் இறங்க வேண்டும். பூங்காவில் உயரம் குறைந்த பெஞ்ச் ஒன்றும் உயரமான திட்டு ஒன்றும் இருந்தன. முதலில் உயரமானதில் தொடங்கி, மூன்று மாதத்தில் தாழ்ந்த பெஞ்சுக்கு வந்தேன். கருவிகள் இல்லாத பூங்காவுக்குப் போகிறவர்களும் மனம் தளர வேண்டாம். ஒரு பெஞ்சும், சாய்ந்து தள்ள ஒரு கம்பியும், ஏறி இறங்க ஒரு படியும் இருந்தால் நான் செய்வதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

மேல் உடம்புக்கு செஸ்ட் பிரஸ், மேலிருந்து இழுக்கும் கருவி இரண்டும் மாறி மாறி. ஒன்று தள்ளுவது, ஒன்று இழுப்பது. இரண்டும் உட்கார்ந்து செய்பவை, விழும் பயமில்லை. தோளில் கிள்ளுவதுபோல் வலித்தால் கையை அவ்வளவு தூரம் கொண்டுபோகாதீர்கள்.

சரி, எனக்கு நேர்ந்த விபத்தைச் சொல்கிறேன். இரண்டாம் மாதத்தில் ஒருநாள், பேரனிடமிருந்து போன் வந்தது. ஏர் வாக்கர் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தேன். என் எடை போனதும் அந்த மிதி வேகமாகத் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடித்தது. தோல் கிழிந்து, மூன்று வாரம் ஆறாமல் கிடந்தது. அன்று கம்பியை விட்டிருந்தால் கீழே விழுந்திருப்பேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கருவியில் இருக்கும்போது வருவதைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து அதிகம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்த பிறகே முதல் காலை வையுங்கள். இறங்கும்போது ஆட்டம் முழுக்க நின்ற பிறகு, ஒரு மூச்சு விட்டுவிட்டு, பிறகு இறங்குங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். இப்போது புதிதாக வருபவர்கள் யாராவது ஏர் வாக்கரில் ஏறினால், அவர்கள் கேட்காவிட்டாலும் போய் மிதியைப் பிடித்துக்கொள்கிறேன். காலை அகலமாக வீசக் கூடாது என்பதையும் சொல்கிறேன். அகலமாக வீசினால் வேகம் ஏறும், இடுப்பும் கீழ்முதுகும் இழுபடும்.

ட்விஸ்டரை நான் விட்டுவிட்டேன். நம் கீழ்முதுகு எலும்புகள் பக்கவாட்டில் திரும்பும் அளவு மிகக் குறைவு, சில பாகைகள்தான். குனிவதற்கும் நிமிர்வதற்கும் அமைந்த மூட்டுகள் அவை. வேகமாக இடுப்பை வீசித் திருப்பும்போது அந்த மூட்டுகளும் எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகளும் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எலும்பு மெலிந்தவர்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, வேகமாகத் திரும்புவதும் ஆழமாக முன்னால் குனிவதும் முதுகெலும்பில் நொறுங்கல் முறிவை உண்டாக்கலாம். அந்த அக்காவுக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் ட்விஸ்டர் கூடாது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொந்த மகளே அன்றுதான் பார்த்துவிட்டுத் தடுத்தார். அதே அக்காவுக்கு லெக் பிரஸ், நின்று செய்யும் பயிற்சிகள், சுவரில் சாய்ந்து தள்ளுவது எல்லாம் நல்லது. சுமை தாங்கினால்தான் எலும்பும் வலுவைத் தக்கவைக்கும். ஆகவே எலும்பு மெலிந்தவர்கள் பயிற்சியையே விட்டுவிட வேண்டாம், எது என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

சமநிலைப் பயிற்சிக்குப் பூங்காக்களில் பெரும்பாலும் கருவி இருக்காது, இருந்தாலும் தாழ்ந்த கட்டை ஒன்றுதான். நான் இணைகம்பிகளுக்கு நடுவே நின்று செய்கிறேன். விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது, அதைவிட நல்ல இடம் எது? ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நிற்பது. பத்து விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்பது மருத்துவர்கள் பார்க்கும் ஒரு அளவுகோல். எனக்கு முதலில் ஆறு விநாடி. அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது. 2022-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்றில், 51 முதல் 75 வயது வரையுள்ள 1702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிப் பார்த்து, பிறகு ஏழு ஆண்டுகள்போலத் தொடர்ந்து கவனித்தார்கள். நிற்க முடியாதவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று அது நிரூபிக்கவில்லை. உடம்பின் பொதுவான நிலையை அந்தப் பத்து விநாடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்த அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதும் நிற்கிறேன், ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்று இருக்கிறது. நம்மில் நடப்பவர்கள் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம். மற்ற இரண்டுக்குத்தான் இந்தப் பூங்கா மூலை. நான் திங்கள், புதன், வெள்ளி கருவிகள். மற்ற நாளெல்லாம் நடை. நடுவில் ஒருநாள் இடைவெளி கட்டாயம் வேண்டும், அந்த ஓய்வில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உற்சாகத்தில் தினமும் செய்தபோது எனக்கு முழங்கால் வீங்கியது.

இந்த வயதில் தசை வளருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு வலுப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அது மருத்துவர்கள் மேற்பார்வையில், எடையைப் படிப்படியாகக் கூட்டி நடந்த பயிற்சி. பூங்காக் கருவியில் அதே அளவு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது என்பது எனக்குப் பெரிய தைரியம். முதல் சில வாரங்களில் வரும் வலு, மூளையும் நரம்பும் இருக்கும் தசையைச் சரியாக அழைக்கப் பழகுவதால் வருவது. தசை பருக்க அதற்கு மேலும் வாரங்கள் ஆகும். ஆகவே கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு கஷ்டப்படலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத்துடிப்பை எண்ணிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும், அதனால் அந்த எண்ணை நம்ப முடியாது. அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் கருவியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். உட்கார்ந்தபடியே கணுக்காலைப் பத்து முறை ஆட்டிவிட்டு எழுங்கள். நெஞ்சில் இறுக்கம், வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர்களும் இதயநோய் உள்ளவர்களும் முதல் நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

காலில் செருப்பு வேண்டாம், பின்னால் பிடிப்புள்ள ஷூ. மழையோ பனியோ விழுந்த காலையில் மிதியையும் கம்பியையும் துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள். வெயில் ஏறிய பிறகு இரும்பு கையைச் சுடும். கருவியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். போல்ட் கழன்று ஆடினாலோ, இடிபடாமல் தடுக்கும் ரப்பர் போயிருந்தாலோ அதைத் தொடாதீர்கள், பூங்காவைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்கள் லெக் பிரஸின் இருக்கை மாற்றப்பட்டது.

அந்த நான்கு பேரும் இந்த மூலையில்தான் பழக்கமானார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போன் செய்வோம். மழைக்காலத்தில் நான் இரண்டு வாரம் போகாமல் இருந்தபோது, அக்கா வீட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு, எந்திரி, நான் எண்றேன்" என்றார். தனியாக இருந்திருந்தால் அந்த இரண்டு வாரம் இரண்டு மாதமாகியிருக்கும்.

எட்டில் தொடங்கிய அந்த முப்பது விநாடிச் சோதனையில் மூன்றாம் மாதம் 10, ஆறாம் மாதம் 12, போன வாரம் 14. குளியலறைக் கைப்பிடியை எடுக்கவில்லை. இரவில், தூக்கக் கலக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன், பகலில் தேவைப்படுவதில்லை. இப்போது பயிற்சி செய்வது தரையிலிருந்து எழுவதற்கு. புல்லில் உட்கார்ந்து, ஒருக்களித்து, ஒரு முழங்காலை ஊன்றி, பெஞ்சில் ஒரு கையை வைத்து எழுகிறேன். அக்கா பக்கத்தில் நிற்கிறார். அந்தக் கையை இன்னும் எடுக்க முடியவில்லை.